சென்னை – லண்டன்: தூரம் மாறுவதில்லை, பயண நேரம் ஏன் மாறுகிறது?

கேள்வி இது: "என் பெற்றோர் முதல்முறையாகச் சென்னையிலிருந்து லண்டன் வருகிறார்கள். தூரம் ஒரு இடத்தில் 8,200 கி.மீ., இன்னொரு இடத்தில் 5,100 மைல், வேறொரு இடத்தில் 4,450 மைல் என்று இருக்கிறது. பயண நேரம் 9 மணி 40 நிமிடம் என்று ஒரு தளம் சொல்கிறது. டிக்கெட்டில் வருவதற்கு 11 மணி நேரத்துக்கு மேல், திரும்பிப் போக 10 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது? அப்பா இன்சுலின் போடுகிறவர் என்பதால் சரியான நேரம் தெரிய வேண்டும். துபாய் வழியாக வந்தால் ரொம்பச் சுற்றா?"

டிக்கெட்டில் இருப்பதை நம்புங்கள். மற்ற எண்களும் தவறில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு ஒன்றை அளக்கிறது, அவ்வளவுதான். விமானங்களுக்குப் பாதை வகுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தூரம். மீனம்பாக்கத்துக்கும் ஹீத்ரோவுக்கும் இடையே, பூமியின் வளைவை ஒட்டி அளந்தால், மிகக் குறுகிய தூரம் சுமார் 8,230 கி.மீ. அதைச் சாதாரண மைலில் சொன்னால் 5,110-ஐ ஒட்டி வரும். விமானிகளும் மாலுமிகளும் கடல் மைலில்தான் கணக்குப் போடுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. அந்தக் கணக்கில் 4,450. நீங்கள் பார்த்த மூன்று எண்களும் ஒரே தூரம்தான். சில தளங்கள் விமான நிலையத்திலிருந்து அளக்கின்றன, சில நகரின் நடுவிலிருந்து அளக்கின்றன. பூமியைச் சரியான கோளமாக எடுப்பவர்களும் உண்டு, துருவங்களில் சற்றுத் தட்டையானதாக எடுப்பவர்களும் உண்டு. அதனால் பத்து இருபது கி.மீ. முன்னே பின்னே வரலாம். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அந்தக் குறுகிய கோடு எந்த ஊர்களுக்கு மேலே போகிறது என்பதுதான் முக்கியம். பள்ளிக்கூடச் சுவர் வரைபடத்தில் சென்னையையும் லண்டனையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் கோடு அரபிக்கடல், சவுதி அரேபியா, மத்தியதரைக் கடல் என்று போகும். வீட்டில் உலக உருண்டை இருந்தால் அதே இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறிவிடும். கர்நாடகத்தின் வடபகுதி, மகாராஷ்டிரம், தெற்கு குஜராத், பாகிஸ்தானின் சிந்து, பலூசிஸ்தான், ஈரானின் கிழக்கு எல்லை, காஸ்பியன் கடல், காகசஸ் மலைகள், உக்ரைன், போலந்து–ஸ்லோவாக்கியா எல்லை, ஜெர்மனி, பிறகு லண்டன். சரிபாதி தூரம் வருமிடம் அஜர்பைஜானின் தலைநகர் பாகுவுக்குத் தெற்கே, காஸ்பியன் கடலுக்கு மேலே இருக்கிறது. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள்.

அந்த ஊர்ப் பட்டியலை இன்னொரு முறை படித்தால், டிக்கெட்டில் ஏன் நேரம் கூடுகிறது என்பதில் பாதி விளங்கிவிடும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் விமானங்கள் ஒதுங்கிப் போக வேண்டியிருந்த வான்வெளிகளில் பலவும் இந்த ஒரு கோட்டின் மேலேயோ அதை ஒட்டியோ இருக்கின்றன. 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போய்க்கொண்டிருந்த மலேசிய விமானம் எம்.எச். 17 கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 298 பேரும் இறந்தார்கள். அது போன வழி நாம் பேசும் கோட்டிலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதே சமயம் பிரிட்டிஷ் விமானங்கள் ரஷ்யாவுக்கு மேலே பறக்கவும் தடை வந்தது. காகசஸுக்கு வடக்கே இந்தக் கோடு ரஷ்யாவின் தென்கோடியையும் உரசிச் செல்கிறது.

ஈரானில் 2020 ஜனவரி 8 அன்று டெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு 176 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே பதற்றம் எழும்போதெல்லாம் விமான நிறுவனங்கள் ஒதுங்கிப் போகின்றன. 2025 ஜூனில் சில நாட்கள் ஈரான் வான்வெளியே மூடிக்கிடந்தது. ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டுக்குப் பிறகு வான்வழிக் கட்டுப்பாட்டுச் சேவை நின்றுபோனது. பாகிஸ்தான் 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை வான்வெளியைப் பெரும்பாலும் மூடி வைத்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் தடை போட்டது. இதனால் டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்களுக்குத்தான் அடி பலம். சென்னை தெற்கே இருப்பதால், அரபிக்கடல் பக்கம் திரும்பினால் இழப்பு அவ்வளவு பெரிதில்லை.

உக்ரைனை மட்டும் தவிர்த்தால் கருங்கடலின் தெற்குக் கரை, துருக்கி, ருமேனியா, ஹங்கேரி என்று கொஞ்சம் கீழே இறங்கி வரலாம். ஈரானையும் சேர்த்துத் தவிர்க்க வேண்டி வந்தால் வளைகுடா, சவுதி, எகிப்து, மத்தியதரைக் கடல் என்று வர வேண்டும். துபாய்க்கும் கெய்ரோவுக்கும் மேலே வருவதாக வைத்துக் கணக்கிட்டால் 8,900 கி.மீ.யை ஒட்டிப் போகும். 650 கி.மீ. கூடுதல், முக்கால் மணி நேரம். இந்தத் தடத்தில் பறக்கும் போயிங் 787 மாதிரியான விமானம் மணிக்குச் சுமார் 5 டன் எரிபொருள் எரிக்கும். அதனால் எந்த நிறுவனமும் விருப்பப்பட்டுச் சுற்றாது. வேறு வழியில்லை என்றால்தான் சுற்றும்.

இது இன்று நேற்று வந்த சங்கடமும் இல்லை. 1929 மார்ச் 30 அன்று லண்டனின் குராய்டனிலிருந்து கராச்சிக்கு இம்பீரியல் ஏர்வேஸ் சேவை தொடங்கியபோது பயணம் 7 நாள். நடுவில் சுவிட்சர்லாந்தின் பேசலிலிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை ரயிலில் போனார்கள். பாரசீக வளைகுடாவில் முதலில் ஈரான் கரையோரமாகப் பறந்தார்கள். அந்த அனுமதி நீடிக்கவில்லை என்றதும் 1932-இல் எதிர்க்கரைக்கு மாறி ஷார்ஜாவில் இறங்க ஆரம்பித்தார்கள். அதே 1932 அக்டோபர் 15 அன்றுதான் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து மதராஸ் வரை அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் ஓட்டினார். லண்டன் தபால் கராச்சிக்குப் பிறகும் ஆகாய வழியாக மதராஸ் வந்து சேரத் தொடங்கியது இப்படித்தான். 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் முதல் சர்வதேச விமானம் கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி ஏறி ஜூன் 10 அன்று போய்ச் சேர்ந்தது. எங்கே இறங்க முடியும், யார் விடுவார்கள் என்பதை வைத்துத்தான் அன்றும் பாதை போட்டார்கள்.

இனி நேரம். நீங்கள் பார்த்த 9 மணி 40 நிமிடம் எப்படி வந்தது என்று யூகிப்பது எளிது. பெரிய விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் பறக்கும். 11 கி.மீ. உயரத்தில், பூச்சியத்துக்குக் கீழே 56 டிகிரி குளிரில், அது மணிக்கு 900 கி.மீ. ஆகிறது. 8,230-ஐ 900-ஆல் வகுத்தால் 9 மணி 9 நிமிடம். ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் 9 மணி 40. போகவும் வரவும் ஒரே நேரத்தைத்தான் அந்தத் தளம் காட்டியிருக்கும். அந்தக் கணக்கில் காற்றுக்கு இடமே இல்லை.

ஆனால் மேலே காற்று பலமாகவே அடிக்கிறது. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், வெப்ப மண்டலத்துக்கு வடக்கே, மேற்கிலிருந்து கிழக்காகத் தாரைக் காற்றுகள் ஓடுகின்றன. ஜெட் ஸ்ட்ரீம் என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளிர்காலத்தில் அவற்றில் ஒரு கிளை வட ஆப்பிரிக்கா, அரேபியா, ஈரான், வட இந்தியா என்று இறங்கி வந்துவிடும். சில இடங்களில் மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் சாதாரணம். ஓடும் ரயிலுக்குள் என்ஜின் பக்கமாக நடப்பவரையும் கடைசிப் பெட்டி பக்கமாக நடப்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். இருவர் நடையும் ஒரே வேகம்தான், ஆனால் தரையில் நிற்பவருக்கு ஒருவர் வேகமாகவும் மற்றவர் மெதுவாகவும் நகர்வார்கள். விமானத்துக்குக் காற்றுதான் அந்த ரயில்.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2020 பிப்ரவரி 8 இரவு நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம், சியாரா புயலை ஒட்டி வீசிய தாரைக் காற்றில் ஏறி 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும் தூரம் அது. தரையை வைத்து அளந்தால் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலித் தடையை உடைத்துவிட்டதா என்று அப்போது பலர் கேட்டார்கள். உடைக்கவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றை வைத்துப் பார்த்தால் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்துகொண்டிருந்தது.

நம் தடத்தில் அவ்வளவு அதிரடி கிடையாது. பாதை முழுவதும் சராசரியாக மணிக்கு 70 கி.மீ. எதிர்க்காற்று, சுற்றுப்பாதை 8,600 கி.மீ. என்று ஒரு குளிர்கால நாளுக்கு வைத்துக்கொள்வோம். லண்டன் வரும்போது 8,600-ஐ 830-ஆல் வகுக்க வேண்டும். 10 மணி 20 நிமிடம். சென்னை திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். 970-ஆல் வகுத்தால் 8 மணி 50 நிமிடம்தான். ஒன்றரை மணி நேர வித்தியாசம் காற்றால் மட்டுமே வந்துவிடுகிறது.

கோடையில் நிலைமை மாறும். வடக்கத்திய தாரைக் காற்று இன்னும் வடக்கே விலகிப் போய்ப் பலம் குறையும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே நேர்மாறாக, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு தாரைக் காற்று வீசும். 1958-இல் இதை ஒரு ஆய்வுக் கட்டுரையில் விரிவாக விளக்கியவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோடீஸ்வரம். அதன் உச்ச வேகம் பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலேதான் இருக்கிறது. ஆனாலும் ஜூலை, ஆகஸ்டில் சென்னையிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு அரபிக்கடல் தாண்டும் வரை முதுகுப்புறக் காற்று கொஞ்சம் கிடைக்கும். உலகின் பெரும்பகுதியில் மேற்கே போகிறவர்களுக்குக் கிடைக்காத சலுகை இது. எனக்கு இந்தத் தடத்தில் மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்.

இதையெல்லாம் பார்த்துத்தான் ஒவ்வொரு நாளும் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு புதிதாகப் பாதை போடுவார்கள். நேற்று போன வழியில் இன்று போக வேண்டும் என்று இல்லை. உயரத்துக்கும் ஒழுங்கு உண்டு. மேற்கே போகும் விமானங்களுக்குப் பொதுவாக 34,000, 36,000, 38,000 அடி, கிழக்கே வருபவற்றுக்கு 35,000, 37,000, 39,000 அடி. எதிரெதிரே வருபவை ஒரே உயரத்தில் சந்திக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கிளம்பும்போது எரிபொருள் பாரம் அதிகம் என்பதால் கீழே தொடங்கி, எரிய எரிய மேலே ஏறுவார்கள்.

டிக்கெட்டில் போடும் நேரம் வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் இல்லை. சென்னையில் விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் நொடியிலிருந்து ஹீத்ரோவில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை கணக்கு. பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்குப் போவதும், வரிசையில் நிற்பதும், இறங்கிய பின் டெர்மினலுக்கு ஊர்வதும் அதற்குள் அடக்கம். ஹீத்ரோவுக்கு இரண்டே ஓடுபாதைகள். உலகின் மிக நெரிசலான விமான நிலையங்களில் ஒன்று. லண்டனைச் சுற்றி போவிங்டன், லம்போர்ன், ஒக்கம், பிக்கின் என்று நான்கு இடங்களில் விமானங்களை வட்டமடிக்க வைத்து ஒவ்வொன்றாக இறக்குவார்கள். அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் நேரம் விட்டுத்தான் அட்டவணை போடுகிறார்கள். அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகவே எடுத்துக்கொள்வது இந்தத் துறையின் வழக்கம். ஆக 10 மணி 20 நிமிடத்தோடு ஏற்ற இறக்கத்துக்கு 20 நிமிடமும் தரையில் அரை மணியும் சேர்த்தால் 11 மணி 10 நிமிடம். திரும்பும் பயணத்துக்கு அதே மாதிரி 9 மணி 40, கொஞ்சம் இடம் விட்டு 10. உங்கள் டிக்கெட்டில் இருப்பது கிட்டத்தட்ட இதுதான்.

அப்புறம் கடிகாரம். பெரியவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். இந்திய நேரம் லண்டனைவிடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம்தான். டிக்கெட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். ஜனவரியில் அதிகாலை 5:30-க்குக் கிளம்பி முற்பகல் 11:30-க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் 6 மணி நேரப் பயணம் போலத் தெரியும். ஐந்தரையைக் கூட்டினால் 11 மணி 30 நிமிடம். திரும்பும்போது மதியம் 1:00-க்குக் கிளம்பி மறுநாள் காலை 4:30-க்கு இறங்கினால் 15 மணி 30 நிமிடம் போலத் தெரியும். அதில் ஐந்தரையைக் கழித்தால் 10.

இன்சுலினுக்கு இந்தக் கணக்குத்தான் முக்கியம். லண்டன் வரும் நாள் உங்கள் அப்பாவுக்கு 24 மணி நேரத்துக்குப் பதில் இருபத்தெட்டரை அல்லது இருபத்தொன்பதரை மணி நேர நாள். திரும்பும் நாள் அதே அளவுக்குக் குறையும். ஊசியின் அளவையும் இடைவெளியையும் எப்படி மாற்றுவது என்று அவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்டரிடம் போகும்போது இரண்டு பயணங்களின் புறப்பாட்டையும் வருகையையும் இந்திய நேரத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவருக்கு வேலை எளிதாகும். விமானத்தில் இருக்கும் வரை அப்பாவின் கைக்கடிகாரம் இந்திய நேரத்திலேயே ஓடட்டும், இறங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். இன்சுலினைக் கைப்பையில்தான் எடுத்து வர வேண்டும். சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட வாய்ப்பு உண்டு, பெட்டி வந்து சேராமல் போனால் அதைவிடச் சிக்கல். டாக்டர் கடிதமும் மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும். 11 மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருவது வயதானவர்களின் கால்களுக்கு நல்லதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். நடைபாதை ஓர இருக்கை கிடைத்தால் நல்லது.

துபாய் வழி. தூரத்தில் பெரிய சுற்று இல்லை. சென்னை–துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய்–லண்டன் சுமார் 5,500. மொத்தம் 8,430. குறுகிய கோட்டைவிட 200 கி.மீ.தான் கூட. ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வந்தால் கூடுதல் 15, 20 கி.மீ.தான். அந்த ஊர் கிட்டத்தட்ட கோட்டின் மேலேயே இருக்கிறது. நேரம் போவது தரையில். நடுவில் இறங்கி, மறுபடி பாதுகாப்புச் சோதனை, அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பு என்று இரண்டு முதல் நான்கு மணி நேரம் சேரும். மொத்தம் 14, 15 மணி நேரம் ஆகிவிடும். இளையவர்களுக்குக் காசு மிச்சம் என்றால் தாராளமாக வரலாம். முதல்முறை பறக்கும் பெற்றோருக்கு, அதிலும் ஊசி நேரம் பார்க்க வேண்டியவருக்கு, நேரடி விமானத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது சரி என்பதுதான் என் எண்ணம். சென்னைக்கும் ஹீத்ரோவுக்கும் இடையே பிரிட்டிஷ் ஏர்வேஸ் பல ஆண்டுகளாக நேரடியாகப் பறந்து வருகிறது. மாறிப் போகும் விமானத்தில்தான் வருவார்கள் என்றால் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போதுதான் நிறுவனத்துக்கு வரும். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவியும் கேட்டு வையுங்கள். பெரிய விமான நிலையங்களில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பதே பெரியவர்களுக்குச் சிரமம்.

அவர்களைக் கூட்டி வரப் போகும் நாளில் டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டாம். விமான எண்ணைப் போட்டால் அது எங்கே பறக்கிறது என்று நேரலையில் காட்டும் செயலிகள் இருக்கின்றன. விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டை நெருங்கும்போது இன்னும் சுமார் 650 கி.மீ. இருக்கும். வட்டமடிக்க வைத்தாலும் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். அதன் பிறகு குடிவரவு வரிசை, பெட்டி எல்லாம் முடிந்து அவர்கள் வெளியே வர இன்னும் ஒரு மணி நேரம் பிடிக்கலாம். உங்கள் வீட்டிலிருந்து ஹீத்ரோவுக்கு ஒரு மணி நேரம்தான் என்றால், விமானம் ஜெர்மனிக்குள் வந்த பிறகு கிளம்பினாலே போதும்.